எத்தனை கிலோ ஏற வேண்டும்?

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளில் முதலில் பார்ப்பது எடையைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் ஏறி நிற்க வேண்டும். செவிலியர் எண்ணைச் சொல்லி அட்டையில் எழுதுவார். பிறகு பிபி, பிறகு ரத்தப் பரிசோதனை என்று வரிசை நகர்ந்துவிடும். அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெண்களை எண்ணிப் பார்ப்போம். இருவருக்கும் உயரம் 152 சென்டிமீட்டர். கர்ப்பம் தரித்தபோது ஒருவர் 42 கிலோ, மற்றவர் 70 கிலோ. ஏழாம் மாதத்தில் இருவருக்கும் ஏழு கிலோ கூடியிருக்கிறது. முதலாமவருக்கு இது போதாது; அவருடைய குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாமவருக்கோ இது தாராளம். இனி நிதானமாக ஏறினால் போதும். ஆனால் இருவருடைய வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோ ஏறியிருக்கு?"

இந்தக் கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எந்த எடையில் தொடங்கினார் என்று தெரிந்த பிறகுதான் எவ்வளவு ஏற வேண்டும் என்று சொல்ல முடியும். கடந்த நூறாண்டுக்கும் மேலாக நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் படிக்கும்போது, அவை திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். நம் ஊரிலோ கர்ப்பம் உறுதியாகும் நாள்வரை ஒரு பெண்ணின் எடை யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. உறுதியான மறுநாளிலிருந்து அது ஊர் முழுவதின் கவலை ஆகிவிடுகிறது.

கவலைப்படக் காரணம் இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 12.6 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள், 40.4 சதவீதத்தினர் அதிக எடை உள்ளவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் இந்த இரண்டாவது எண் 30.9 ஆக இருந்தது. ஏறக்குறைய ஐந்தாண்டில் ஒன்பதரைப் புள்ளி ஏறிவிட்டது. இதே கணக்கெடுப்பில், மாநிலத்தின் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. எடை கூடிய பெண்கள் பலருக்கும் ரத்தம் குறைவாக இருக்கக்கூடும் என்பதைத்தான் இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஊகிக்க முடிகிறது. உடம்பு பூசினாற்போல் இருப்பதைப் பார்த்து "சத்தோட இருக்கா" என்று சொல்லிவிட முடியாது.

ஏறும் எடை எங்கே போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிரிட்டனில் பணியாற்றிய ஆய்வாளர்கள் ஹைட்டன், லீட்ச் இருவரும் போட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. முழு கர்ப்பகாலத்தில் கூடும் 12.5 கிலோவில் குழந்தை ஏறக்குறைய 3.4 கிலோ. நஞ்சுக்கொடி 650 கிராம், பனிக்குட நீர் 800 கிராம், பெருத்த கருப்பை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மார்பகம் 400 கிராம். தாயின் உடலில் புதிதாக ஊறும் ரத்தம் மட்டும் 1.45 கிலோ, திசுக்களில் தேங்கும் நீரும் ஏறக்குறைய அதே அளவு. மீதி மூன்றேகால் கிலோவுக்கு மேல் கொழுப்பு. இந்தக் கொழுப்பைக் கண்டு பதற வேண்டியதில்லை. பெரும்பகுதி நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் சேர்ந்து, பின்னால் குழந்தை வேகமாக வளரும்போதும் பால் கொடுக்கும்போதும் செலவாவதற்காக உடல் எடுத்து வைக்கும் சேமிப்பு அது. சேமிக்கக் கையில் எதுவும் இல்லாதவரின் குழந்தைதான் கடைசி மாதங்களில் தவிக்கிறது.

மருத்துவர்கள் இதை எப்போதும் இப்படிப் பார்த்ததில்லை. 1889இல் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் லுட்விக் புரோகோவ்னிக், இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்கு ஓர் உணவு முறையை வகுத்தார். மாவுச்சத்தும் நீரும் குறைந்த உணவைக் கடைசி வாரங்களில் கொடுத்தால் குழந்தை சிறிதாக இருக்கும், பிரசவம் சுலபமாகும் என்பது அவர் எண்ணம். சிசேரியன் என்றால் உயிருக்கு உலை என்றிருந்த காலம் அது. அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் குறுகிய இடுப்பெலும்புக்காரர்களுக்கென்று சொன்ன உணவு முறை, பிற்பாடு எல்லாப் பெண்களுக்குமான அறிவுரையாகப் பரவிவிட்டது.

அதே அச்சம் நம் பக்கத்திலும் தானாகவே விளைந்திருந்தது. மார்க் நிக்டர், மிமி நிக்டர் என்ற மானிடவியலாளர்கள் தென் கன்னடப் பகுதிப் பெண்களிடம் பேசி 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வயிற்றில் சோறும் குழந்தையும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதிகம் தின்றால் குழந்தைக்கு இடம் நெருக்கடியாகும் என்று அந்தப் பெண்களில் பலர் நம்பினார்கள். சின்னக் குழந்தை என்றால் சுகப் பிரசவம் என்பதும் அவர்கள் கணக்கு. இதைப் படிக்கும் தமிழ் வாசகிக்கு வியப்பு இருக்காது. "ரொம்பச் சாப்பிட்டா புள்ள பெருசாயிடும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்ற பேச்சை நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில், பிரசவத்தில் மகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் அனுபவத்திலிருந்து பிறந்த எச்சரிக்கை அது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கும் இன்று, அந்த எச்சரிக்கையை அப்படியே வைத்துக்கொண்டால் விலை கொடுப்பது குழந்தை. அரைவயிறு உண்பதால் சிசேரியன் தவிர்ந்துவிடுவதும் இல்லை. அறுவைக்குக் காரணங்கள் பல. அவற்றில் குழந்தையின் பருமன் ஒன்று மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மருத்துவர்கள் வேறொரு காரணத்துக்காக எடையைக் கட்டுப்படுத்தினார்கள். எடை கூடுவதால்தான் ரத்தக்கொதிப்பும் வலிப்பும் வருகின்றன என்று நம்பி, ஏழிலிருந்து ஒன்பது கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்றார்கள். உப்பைக் குறைத்தார்கள், சிறுநீர் பிரிய மாத்திரையும் பசியை அடக்க மாத்திரையும்கூடக் கொடுத்தார்கள். நோயின் அறிகுறியாக உடலில் நீர் கோத்து எடை ஏறியதை, நோயின் காரணம் என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

அந்த நம்பிக்கையை அசைத்த சான்றுகளில் ஒன்று போரிலிருந்து வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே ரேஷன் இறங்கியது. மிக மோசமான மாதங்களில் 400 முதல் 800 கலோரி. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தப் பஞ்சத்தில் சிக்கிய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் குறைந்து பிறந்தன. அதைவிட ஆழமாகத் தைக்கும் செய்தி பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் மட்டும் பஞ்சத்தைக் கண்டு, பின்னர் உணவு கிடைத்த தாய்மார்களின் குழந்தைகள் நல்ல எடையுடன்தான் பிறந்தன. ஆனால் நடுவயதில் அவர்களிடையே இதயநோய் கூடுதலாக இருந்தது. பிறந்த குழந்தையைத் தராசில் வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது என்பதை அந்தப் பஞ்சம் காட்டியது.

1970இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம், கட்டுப்பாட்டைத் தளர்த்தி 9 முதல் 11 கிலோவரை ஏறலாம் என்றது. எல்லோருக்கும் ஒரே எண் என்பதைக் கைவிட மேலும் இருபது ஆண்டு ஆனது. 1990இல் அங்குள்ள மருத்துவக் கழகம் தொடக்க எடையை வைத்துப் பெண்களை வகை பிரித்தது. 2009இல் அதைத் திருத்தியது. உலகம் முழுவதும் மருத்துவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த 2009 பட்டியல்தான். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ. கர்ப்பத்துக்கு முன் அது 18.5க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ ஏற வேண்டும். 18.5 முதல் 24.9வரை என்றால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9வரை என்றால் 7 முதல் 11.5. முப்பதும் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9 கிலோ போதும். இரட்டைக் குழந்தை என்றால் கணக்கே வேறு. சரியான எடையில் தொடங்கியவருக்கு 17 முதல் 25 கிலோ. முதல் மூன்று மாதத்தில் அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ, பிறகு சரியான எடைக்காரருக்கு வாரம் ஏறக்குறைய 400 கிராம் என்பது வேகம்.

நம் 42 கிலோ பெண்ணுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அவருடைய பிஎம்ஐ 18.2. குறைந்தது 12.5 கிலோ ஏற வேண்டும். தன் உடல் எடையில் பத்தில் மூன்று பங்கை ஒன்பது மாதத்தில் கூட்டச் சொல்கிறோம்! இருபது ஆண்டுகளில் சேராததை இத்தனை குறுகிய காலத்தில் சேர்க்கச் சொல்லும் அறிவுரையை, அவர் நிறைவேற்றவில்லை என்று குறைகூற யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பட்டியல் நமக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வியும் இருக்கிறது. அது முக்கியமாக அமெரிக்கப் பெண்களுக்காக வகுக்கப்பட்டது. 1990 பரிந்துரையில் 157 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்கள் வரம்பின் கீழ்ப் பகுதியை இலக்காகக் கொள்ளலாம் என்று இருந்தது. 2009இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. இந்தியப் பெண்ணின் சராசரி உயரமே ஏறக்குறைய 152தான். பிஎம்ஐ வரம்பிலும் சிக்கல். ஆசியர்களுக்கு 23லிருந்தே ஆபத்து தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. 152 சென்டிமீட்டர் உயரமும் 56 கிலோ எடையும் உள்ள சென்னைப் பெண் ஒருவர் அமெரிக்கப் பட்டியலில் சரியான எடைக்காரர், 16 கிலோவரை ஏறலாம். ஆசிய வரம்பின்படி அவர் ஏற்கெனவே அதிக எடை. எட்டு நாடுகளில், இந்தியாவில் நாக்பூரையும் சேர்த்து, நல்ல வசதியும் ஆரோக்கியமும் உள்ள தாய்மார்களைப் பின்தொடர்ந்த இன்டர்குரோத்-21 ஆய்வு, 40ஆம் வாரத்தில் சராசரியாக 13.7 கிலோ ஏறுவதாக 2016இல் சொன்னது. உணவும் மருத்துவமும் கிடைத்தால் நாடு மாறினாலும் ஏற்றம் அவ்வளவாக மாறுவதில்லை என்ற நம்பிக்கையை அது தருகிறது. என்றாலும், சரியான எடையில் தொடங்கிய பெண்களை மட்டுமே அது அளந்தது. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் நம் மண்ணிலிருந்தே வந்த அளவுகோல் இன்னும் மருத்துவமனை அட்டைவரை வந்து சேரவில்லை. அதுவரை அந்தப் பட்டியலை எல்லைக்கோடாக எண்ணாமல், திசை காட்டியாகக் கொள்வதே நல்லது.

வரம்பைத் தாண்டினாலும் குறைந்தாலும் என்ன ஆகும்? பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் தரவைத் தொகுத்து 2017இல் வந்த ஆய்வில், 47 சதவீதத்தினர் வரம்புக்கு மேலும் 23 சதவீதத்தினர் கீழும் இருந்தார்கள். குறைந்தவர்களுக்குச் சிறுத்த குழந்தையும் குறைமாதப் பிரசவமும் கூடுதல். கூடியவர்களுக்குப் பருத்த குழந்தையும் சிசேரியனும் கூடுதல். இரண்டே ஆண்டு கழித்து, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் தாய்மார்களின் தரவை ஆராய்ந்த இன்னொரு குழு ஒரு முக்கியமான சங்கதியைச் சொன்னது: கர்ப்பத்தில் ஏறும் எடையைவிட, கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையோடுதான் தாய்க்கும் சேய்க்கும் வரும் சிக்கல்கள் நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன.

அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் பாடம். சிறிதாகப் பெற்றெடு, பெரிதாக வளர்த்துக்கொள் என்ற எண்ணம் அங்கே ஊறியிருந்தது. 2006இல் வந்த அரசு வழிகாட்டி, சரியான எடையுள்ள பெண்ணுக்கு 7 முதல் 12 கிலோ என்றது. இளம்பெண்களின் ஒல்லி மோகமும் சேர்ந்துகொள்ள, செல்வமும் மருத்துவமும் நிறைந்த அந்த நாட்டில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் பங்கு ஒன்பது சதவீதத்துக்கும் மேலே போனது. 2021இல் வரம்பை உயர்த்தினார்கள்: ஒல்லியானவர்களுக்கு 12 முதல் 15, சரியான எடைக்கு 10 முதல் 13. குறைவு என்பது வறுமையின் நோய் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது என்பதை நகரத்து இளம்பெண்களின் அம்மாக்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். டயான் காஃபி என்ற ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட ஆய்வு என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. இந்தியப் பெண்களில் 42.2 சதவீதத்தினர் கர்ப்பத்தைத் தொடங்கும்போதே எடை குறைந்தவர்களாக இருந்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இது 16.5 சதவீதம்தான். கர்ப்பகாலம் முழுவதும் இந்தியப் பெண்ணுக்குக் கூடியது சராசரியாக ஏழு கிலோ. காஃபி எடுத்துக்கொண்டது 2005-06 கணக்கெடுப்பின் தரவு. நிலைமை இன்று மேம்பட்டிருக்கிறது, தமிழ்நாடு வட மாநிலங்களைவிட முன்னேறியும் இருக்கிறது. ஆனாலும் ஏழைமை கூடிய ஆப்பிரிக்க நாடுகளைவிட நம் பெண்கள் மெலிந்திருந்தார்கள் என்றால், குறை தானியத்தில் மட்டும் இல்லை. குழந்தை பெறும் வயதில் இருக்கும் இளம் மருமகளுக்கு வீட்டில் என்ன இடம், அவள் எப்போது உண்கிறாள், பானையில் மிச்சம் என்ன என்பதில்தான் இருக்கிறது.

புணேயின் கே.இ.எம். மருத்துவமனையில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1990களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் செய்த ஆய்வு, இந்த விஷயத்தில் இந்தியா உலகுக்குக் கொடுத்த பெரிய கொடை. அந்தக் கிராமத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ பிறந்தன. ஒப்பிடப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கான விதை அங்கேயே விழுகிறது என்பது யாக்னிக்கின் வாதம். அந்தக் குழந்தைகளின் தாய்மார்களில், கீரையும் பழமும் பாலும் அடிக்கடி சாப்பிட்டவர்களின் குழந்தைகள் பெரிதாக இருந்தன. வயல்வேலை, தண்ணீர் சுமப்பது, வீட்டுப் பாடு என்று உடலுழைப்பு மிகுந்தவர்களின் குழந்தைகள் சிறிதாக இருந்தன. ஆகவே கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும், வாரத்தில் 150 நிமிட நடைப்பயிற்சி என்ற அறிவுரையை எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடாதீர்கள். நாள் முழுவதும் நாற்காலியில் இருக்கும் ஐ.டி. ஊழியருக்கு அது மருந்து. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து குடம் சுமப்பவருக்குத் தேவை ஓய்வு.

உணவு கொடுத்தால் பலன் உண்டா? காம்பியாவின் கிராமங்களில் வேர்க்கடலை பிஸ்கட் கொடுத்தபோது, உணவு தட்டுப்படும் பருவத்தில் குழந்தையின் எடை 201 கிராம் கூடியது. அறுவடைப் பருவத்தில் அதில் பாதிக்கும் குறைவு. பசி இருக்கும் இடத்தில் உணவு வேலை செய்கிறது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012வரை நடந்த சரஸ் திட்டம் இன்னும் நுட்பமானது. கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டியைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குழந்தைகளின் எடையில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் கருவுறுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்கியவர்களின் குழந்தைகள் 48 கிராம் கூடுதலாக இருந்தன. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 7.3 ஆகக் குறைந்தது. வருத்தமான பக்கமும் உண்டு: மிகவும் மெலிந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பலன் கிட்டவில்லை. அவர்களுடைய உடல், கிடைத்ததைத் தன் பற்றாக்குறைக்கே எடுத்துக்கொண்டது போலும்.

சர்க்கரையைத் தொடாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை முடிக்க இயலாது. சென்னையின் மருத்துவர் வி. சேஷய்யா வாழ்நாள் முழுவதும் இதற்காக உழைத்தவர். அவருடைய குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை நகரத்தில் 17.8 சதவீதத்தினருக்கும், சிற்றூர்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதத்தினருக்கும் இருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லிக் கிராமத்துப் பெண்ணை அலைக்கழிக்காமல், வந்த நிலையிலேயே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுக்கும் எளிய முறையை அவர் முன்வைத்தார். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதை இந்தியாவில் முன்கூட்டியே ஏற்ற மாநிலம் தமிழ்நாடு. ஆனால் சோதனைக்குப் பிறகு நடப்பதில்தான் கவனம் வேண்டும். சுகர் என்றதும் பயந்து சோற்றை அறவே விட்டு, இரவில் ஒற்றைச் சப்பாத்தியோடு படுத்து, மாதாமாதம் எடை குறைகிறவர்கள் இருக்கிறார்கள். அரிசியின் அளவைக் குறைத்தால், அந்த இடத்தைப் பருப்பும் முட்டையும் சுண்டலும் காயும் நிரப்ப வேண்டும். இதை எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுதிக் கொடுக்கப்படாததால் ஒரு குழந்தை மெலிகிறது.

எடை ஏற்றத்தைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி ஆராய்ச்சி சொல்வது அடக்கமான செய்தி. உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் கொடுத்த சோதனைகளில் கலந்துகொண்ட 12,526 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2017 ஆய்வில், எடை ஏற்றம் சராசரியாக 700 கிராம் மட்டுமே குறைந்தது. கர்ப்பத்தில் தொடங்கும் கட்டுப்பாட்டால் அவ்வளவுதான் முடிகிறது. எனவே, பருமனான பெண்ணைப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் எல்லோர் முன்னும் கடிந்துகொள்வதால் எடை இறங்கப் போவதில்லை. அவர் அடுத்த முறை வராமல் போகலாம், அல்லது முந்தைய இரவு பட்டினி கிடந்து வரலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இல், மருத்துவத் தேவை இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப எடை பார்க்க வேண்டாம் என்றுகூடச் சொன்னது. நம் சூழலுக்கு அது சரிவராது. மெலிந்தவர்களைக் கண்டுபிடிக்க நமக்கு எடை மிஷின் வேண்டும். ஆனால் எண்ணைத் தணிந்த குரலில் சொல்லலாம். ஒல்லியானவருக்கும் இதே துயரம்தான்: "ஏழு மாசம் மாதிரியே தெரியலையே, வயிறே இல்லையே" என்று விசேஷ வீட்டில் கேட்பவர்கள், அவர் அன்றிரவு தூங்குவாரா என்று நினைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றின் தோற்றம் உயரத்தையும் தசையையும் குழந்தை கிடக்கும் வாகையும் பொறுத்தது. வளர்ச்சியைச் சொல்ல டேப்பும் ஸ்கேனும் இருக்கின்றன.

இனித் தட்டுக்கு வருவோம். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்பதை இரண்டு பங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதல், அவ்வளவுதான். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கடலை உருண்டை: ஏறக்குறைய கணக்கு முடிந்தது. புரதம்தான் நம் சாப்பாட்டில் பின்தங்குவது. கடைசி மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட 22 கிராம் கூடுதலாக வேண்டும். இட்லியின் எண்ணிக்கையைக் கூட்டி அதை எட்ட முடியாது. மசக்கையில் முதல் மூன்று மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் அஞ்ச வேண்டாம், பின்னால் ஈடாகிவிடும். தண்ணீர்கூடத் தங்காமல், உடல் எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

நம் வழக்கத்தில் ஒரு கால இடறல் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்தி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். அம்மா பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போடுவது அப்போதுதான் தொடங்குகிறது. உடல் சேமிப்பைத் தொடங்குவதோ நான்காம் மாதத்தில். அந்த மாதங்களில் அவள் மாமியார் வீட்டில், மசக்கை தெளிந்து பசி திரும்பி, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிறாள். இரண்டாவது கர்ப்பம் இன்னும் மோசம். வளைகாப்பும் கிடையாது, அழைத்துப் போவதும் எப்போதாவதுதான். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று அவள் வேலையும் செய்கிறாள். பலகாரம் ஏழு வகை செய்து ஒருநாள் ஊட்டுவதைவிட, நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு முட்டை பயன் தரும்.

அரசுத் திட்டங்கள் இந்தக் கால இடறலை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் உதவி 2018 முதல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் தரப்படுகிறது. 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை, பெண்களை முன்கூட்டியே நிலையத்துக்கு அழைத்து வருகிறது. பெட்டகத்தில் சத்துமாவும் பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கின்றன. ஆனால் 42 கிலோ பெண்ணுக்கும் 70 கிலோ பெண்ணுக்கும் ஒரே பெட்டகம்தான். சத்துமாவு வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் பங்காவதும் நடக்கிறது. பிள்ளைகள் கேட்கும்போது எந்தத் தாய் மறைத்து வைப்பாள்? மெலிந்தவருக்குக் கூடுதல் பெட்டகமும், பருமனானவருக்கு நெய்க்குப் பதில் பயறும் என்று பிரித்துக் கொடுக்க, அட்டையிலேயே பிஎம்ஐ எழுதப்பட்டிருந்தால் போதும்.

எடை மிஷின் அபாய மணி அடிக்கும் சந்தர்ப்பங்களையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் கிலோ கணக்கில் ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ இருந்தால், அது சாப்பாட்டால் வந்தது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அன்றே பிபி பார்க்க வேண்டும். அதுபோல நடு மாதங்களில் இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் ஒன்றும் ஏறாவிட்டாலும் கேட்க வேண்டும். கர்ப்பத்தில் எடை குறைக்கும் டயட்டைத் தானாகத் தொடங்குவது, எந்த எடைக்காரருக்கும் ஆகாது.

பிரசவம் முடிந்ததும் இந்த அட்டை மூடப்பட்டுவிடுகிறது. பத்தியம் என்ற பெயரில் ஒரு வீட்டில் தாய்க்குக் காயும் பழமும் நிறுத்தப்படுகிறது. இன்னொரு வீட்டில் பால் சுரக்கட்டும் என்று நெய்யும் இனிப்பும் குவிகிறது. ஒருவர் கர்ப்பத்தில் ஏறியதையும் இழந்து முன்னைவிட மெலிகிறார்; மற்றவர் ஏறியதில் பாதியைச் சுமந்துகொண்டே இருக்கிறார். ஒன்றிரண்டு ஆண்டில் அடுத்த கர்ப்பம் அந்த எடையிலிருந்து தொடங்கும். கர்ப்பத்துக்கு முன்பே எடையைக் கவனிக்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்லும்போது, திருமணமாகாத பெண்களை எங்கே தேடிப் பிடிப்பது என்ற மலைப்பு வரும். இரண்டாவது கர்ப்பத்துக்கு அந்த மலைப்பு தேவையில்லை. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் அதே நிலையத்துக்கு வருகிறார். குழந்தையைத் தராசில் வைத்து எடை பார்க்கிறோம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்க்கு மறு பரிசோதனை செய்ய வேண்டிய நாளும் அந்த ஆறாம் வாரம்தான். ஊசி போட்டு முடித்ததும் தாயையும் மிஷினில் ஏற்றி, எடையைக் குழந்தையின் அட்டையிலேயே இன்னொரு கட்டத்தில் எழுதி, மெலிந்தவருக்குச் சத்துமாவை நீட்டித்து, கூடியவருக்குச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம். புதிய கட்டடமோ புதிய பணியாளரோ இதற்குத் தேவையில்லை.